காயாத பச்சை

பட்டாளம் கழித்துவிட்ட ஆயில் ஃபில்டர்களை ஏலத்தில் எடுத்து, புதுசென்று பட்டாளத்துக்கே விற்ற திருடன் பாண்டுரங்கன், செஞ்சியில் என் முதலாளி. கழுவிப் பச்சை பெயிண்ட் அடித்தவன் நான்.

“என் தம்பி அமீர் காஷ்மீர்ல மிலிட்டரி லாரி ஓட்றான் மொதலாளி. இது அவன் வண்டிக்கே போனா?”

“அவன் வண்டிய தேடிக்கினா போவும்? அடிடா.”

எண்பத்தாறு சித்திரையில் ஒரு பழைய மூட்டை வந்தது. மேலே கிடந்த ஃபில்டரில் என் கட்டைவிரல் ரேகை. அன்று காலை பெயிண்ட் அடிக்கும்போது பதிந்தது. ஆனால் காலையில் நான் அடித்த அந்த ஃபில்டர் வெளியே வெயிலில் இன்னும் காய்ந்துகொண்டிருந்தது. மூட்டையில் வந்தது கிழிந்து, உள்ளே பனி உறைந்திருந்தது.

பாண்டுரங்கன் எட்டிப் பார்த்தான். “ஈரமா இருக்குது. தொடச்சிட்டு அடி.”

வெயிலில் இருந்ததைச் சுத்தியலால் நசுக்கினேன். மூட்டையில் வந்ததில் பனி உருகத் தொடங்கியது. மூட்டையைக் கவிழ்த்தேன். மற்றவற்றிலும் என் ரேகை; எல்லாம் உறைந்தே கிடந்தன. சுத்தியலோடு காயப்போட்ட வரிசைப் பக்கம் திரும்பினேன்.