மாஸ்டரின் டப்பா

பகல் மூன்று மணி. பொரிக்கும் சட்டிக்குக் கீழே அடுப்பு அணைந்துவிட்டது. புகையை இழுக்கும் ஃபேன் மட்டும் இன்னும் உறுமிக்கொண்டிருக்கிறது. இந்த ஓட்டலில் இருபது வருடமாக எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்கும் மாஸ்டர், பின்வாசலில் காலி டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, மனைவி கட்டிக்கொடுத்த எவர்சில்வர் டப்பாவைத் திறக்கிறார். வேகவைத்த பயறு, கேரட், கீரை, ஓரத்தில் அரை எலுமிச்சை. ஆவி அடங்கிவிட்டது, கீரையின் பச்சை அடங்கவில்லை. முதலாளி வந்து நிற்கிறார். "என்ன மாஸ்டர், நம்ம கடைச் சாப்பாட்ட நீங்களே தொடமாட்டேங்கிறீங்க? கஸ்டமர் பாத்தா என்ன நினைப்பான்? கதவச் சாத்திட்டுச் சாப்பிடுங்க." மாஸ்டர் எழுந்து, டப்பாவோடு உள்ளே நடந்து, வெயில் விழும் முன்கண்ணாடியை ஒட்டிய மேஜையில் தெருவே பார்க்கும்படி உட்கார்கிறார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும் இரண்டு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள். எண்ணெய் தெறித்த தழும்புகள் நிறைந்த கை எலுமிச்சையைப் பிழிகிறது. "வேலைய விட்டே தூக்கிடுவேன்" என்று முதலாளி பல்லைக் கடிக்கிறார்.

"தாராளமாத் தூக்குங்க. இங்க சமைக்கத்தான் எனக்குச் சம்பளம். நான் என்ன சாப்பிடணும்கிறதுக்கு இல்ல."

நிதானமாக மென்று விழுங்கியபின் மாஸ்டர் நிமிர்ந்து முதலாளியின் சட்டைப்பையைப் பார்க்கிறார். மெல்லிய துணிக்குள் மாத்திரை அட்டை பளபளக்கிறது. முதலாளியின் கை சட்டென்று பையை மூடுகிறது. மாஸ்டர் எதிர் நாற்காலியைக் காலால் நகர்த்திவிட்டு, டப்பா மூடியில் பாதியை அள்ளி வைக்கிறார்.

"பிரஷர் மாத்திரை போட்டாச்சுல்ல? உட்காருங்க. இதுல உப்பு கம்மி."