பாதுகாப்பா இருந்தியா?

“பாதுகாப்பா இருந்தியா?” என்று மாரிசெல்வியிடம் கேட்டேன்.

அவள் பளிச்சென்று தலையாட்டினாள். காலையிலிருந்து அழுதுகொண்டிருந்தவள் உறுதியாகச் செய்த முதல் காரியம் அதுதான்.

கேள்வி என்னுடையதல்ல. மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த ஆலோசகர் ஹபீபா மேடம் ஹிந்தியில் கேட்டதை நான் தமிழில் மாற்றினேன். மாரிசெல்வி திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாராவிக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. தையல் பட்டறையில் வேலை. ஹிந்தி இன்னும் வாயில் வரவில்லை.

மேடம் படிவத்தில் ஒரு டிக் போட்டார். அப்படியானால் பெரிதாகப் பயப்பட ஒன்றுமில்லை, இன்று ரத்தம் கொடுத்துவிட்டுப் போகட்டும், மூன்று மாதம் கழித்து இன்னொரு தடவை பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அவள் பழகிய பையன் வெங்கடேஷ், பக்கத்துச் சந்தில் தோல் பை தைக்கிறவன். ரத்ததான முகாமில் அவன் கொடுத்த ரத்தத்தைச் சோதித்துவிட்டு ஆள் அனுப்பிக் கூப்பிட்டிருக்கிறார்கள். எச்.ஐ.வி. இருப்பது நேற்றுதான் அவனுக்கே தெரியும். அழுதுகொண்டே உடனே இவளிடம் சொல்லிவிட்டான். அந்த மட்டில் யோக்கியன்.

இவள் விடிந்ததும் என் கதவைத் தட்டினாள். தெரிந்தவர் கண்ணில் படக்கூடாது என்று செம்பூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்தேன்.

மேடம் படிவத்தை மடித்தார்.

“கதவ உள்ள பூட்டியாச்சுக்கா. நானே ரெண்டு மட்டம் இழுத்துப் பாத்தேன். ஒரு ஆளு பாக்கல,” என்றாள் மாரிசெல்வி.

எனக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. புரிந்ததும் காது சுட்டது.

‘பாதுகாப்பு’ என்ற அந்த வார்த்தையை அவள் எங்கே கேட்டிருப்பாள் என்று எனக்குத் தெரியும். தாராவியில் தொண்ணூறு அடி ரோட்டை ஒட்டி ஒரு சின்ன ஹால். மாதம் இரண்டு சனிக்கிழமை, பெண்பிள்ளைகளுக்கு ஆரோக்கிய வகுப்பு. படம் போட்ட அட்டைகளைத் தூக்கிக் காட்டிச் சொல்ல வேண்டும். டெங்கு, ரத்தசோகை, மாதவிடாய் வரைக்கும் குரல் கணீரென்று இருக்கும். அந்த ஓர் அட்டை வந்ததும் தாழ்ந்துவிடும். ஆணுறை என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. ஒரு நாளும் அதை வாசித்ததில்லை. “பாதுகாப்பா இருக்கணும், என்ன?” என்பதோடு அட்டை அடியில் போய்விடும். முப்பது தலைகளும் ஆடும். யாருக்கும் சங்கடமில்லை.

மாரிசெல்வி கேட்டதை அப்படியே செய்திருக்கிறாள்.

“க்யா போல் ரஹீ ஹை?” என்ன சொல்கிறாள் என்று கேட்டார் மேடம்.

ஒன்றுமில்லை என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. டிக் போட்டாயிற்று, எழுந்து போய்விடலாம்.

நாற்பத்தாறு வயதில் முதல் தடவையாக அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொன்னேன்.

“ஏட்டி, காண்டம் போட்டிருந்தானா?”

“அது புள்ள வேண்டாம்னு இருக்கவங்களுக்குல்லாக்கா?”

அதை ஹிந்தியில் சொல்வதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. மேடம் திட்டவில்லை. படிவத்தைப் பிரித்து, போட்ட டிக்கைக் கோடு போட்டு அடித்தார். எப்போது நடந்தது என்று கேட்டார். ஞாயிறு மத்தியானம், ஒரே ஒரு முறை. இன்று செவ்வாய், மணி பதினொன்று.

எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் மாத்திரை ஆரம்பித்துவிட்டால் தொற்றைப் பெரும்பாலும் தடுத்துவிடலாம், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, இருபத்தெட்டு நாள் ஒரு நாளும் விடக்கூடாது என்று சொல்லிக்கொண்டே டாக்டருக்குப் போன் போட்டார். போகச் சொன்ன பெண்ணை இப்போது எழுந்திருக்கவே விடவில்லை.

நான் தமிழில் சொன்னதும் மாரிசெல்வி என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. கையை இழுத்துக்கொள்ளவும் முடியவில்லை.

மேடம் போனை வைத்துவிட்டு, இந்தப் பெண்ணுக்கு யாருமே எதுவும் சொல்லித்தரவில்லையா என்று கேட்டார்.

“வகுப்புக்கு வந்திருக்கிறாள் மேடம். நடத்தினவங்க சரியாகச் சொல்லவில்லை. அவங்க இப்போது வருவதில்லை,” என்றேன் ஹிந்தியில்.

மாரிசெல்வி சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்த அளவுக்கு ஹிந்தி அவளுக்கு வந்திருந்தது போலும். பிறகு குனிந்துகொண்டாள்.

அந்த வகுப்பில் இருந்த பெண்களையெல்லாம் மறுபடி கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இன்னும் எத்தனை பேர் கதவை மட்டும் பூட்டிக்கொண்டிருக்கிறார்களோ என்றார் மேடம். பெயர்ப் பட்டியல் நடத்தியவரிடம்தான் இருக்கும், அவர் நம்பர் தெரியுமா என்று கேட்டுப் பேனாவை எடுத்தார்.

தெரியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். முப்பது முப்பதாக, நாலு வருஷம். எத்தனை பெண்கள்!

ஒவ்வோர் எண்ணாகச் சொன்னேன். மேடம் எழுதிக்கொண்டே வந்தார்.

ஆறாவது எண்ணில் அவர் பேனா நின்றது. படிவத்தை இழுத்து மேல் பகுதியைப் பார்த்தார். ‘உடன் வந்தவர்’ என்ற இடத்தில், அரைமணி நேரம் முன்பு அவரே எழுதிய நம்பர் இருந்தது.

பேனாவை மறுபடி தாளில் வைத்தார்.

மீதி நாலு எண்களையும் சொல்லி முடித்தேன்.