குங்கிலியம் வைத்து அடைத்த வேன்

மாடக்கண்ணு ஏட்டு கேட்காமலே கூடையிலிருந்து இரண்டு சீலாக் கருவாட்டை எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் லத்தியைத் தூக்கினார்.

ஆறுமுகநேரி உப்பளச் சாலையில் அன்று வந்த வண்டிகளையெல்லாம் நிறுத்திச் சோதித்தார்கள். பாஸ்கலின் பழைய வேனில் பதினாறு கருவாட்டுக் கூடைகள். லத்தி ஒவ்வொரு கூடையாகக் குத்திக்கொண்டே போனது. ஒன்பதாவது கூடைக்கு அடியில் வெள்ளத்துரை வாத்தியார் மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தார்.

நாற்பத்திரண்டாம் வருஷம். தந்திக் கம்பி அறுத்தவர்களைப் போலீஸ் சல்லடை போட்டுத் தேடிக்கொண்டிருந்தது. வாத்தியாரும் அவர்களில் ஒருவர். அகப்பட்டால் தூக்கு என்று அவர்கள் ஊரான பெரியதாழை முழுக்கப் பேச்சு. புன்னைக்காயலில் கொழும்புத் தோணி ஒன்று அவருக்காக மதியம் வரை காத்திருக்கும். பாஸ்கலுக்கு அரசியல் தெரியாது. தன் மகன் காய்ச்சலில் கிடந்தபோது பதினைந்து நாளும் வந்து பார்த்த மனுஷர் வாத்தியார் என்பது மட்டும் தெரியும்.

எட்டாவது கூடையோடு லத்தி நின்றது. ஏட்டு குனிந்து வேனுக்கு அடியில் பார்த்தார். கியர் பாக்ஸிலிருந்து எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது.

"என்னல, ஒழுகுது?"

"அடைச்சுதான் இருக்கு, ஏட்டையா."

"சரி, போ."

கிளம்பும்போது உப்பளக்காரர் ஒருவர் பாஸ்கலின் காதைக் கடித்தார். யாரோ காட்டிக் கொடுத்துவிட்டார்களாம். திருச்செந்தூரிலிருந்து இன்ஸ்பெக்டர் லாரி புறப்பட்டுவிட்டதாம். வேன் நம்பரே அவர் கையில் இருக்கிறதாம்.

கொஞ்ச தூரம் போயிருப்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாஸ்கலின் மனைவி பிலோமினா திரும்பிப் பார்த்தாள்.

"ஏங்க, அந்த ஏட்டு சைக்கிள்ல நம்ம பின்னாலயே வாரான்."

பாஸ்கலுக்குப் புரிந்துவிட்டது. "விட்டுப் பிடிக்கான்ளா. தோணிக்காரங்களயும் சேத்து அள்ளணும்லா, அதுக்குத்தான்."

வேகமாகப் போகலாம் என்றால் வேன் இடம் கொடுக்கவில்லை. யுத்தத்தில் கியர் ஆயிலெல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட, பாஸ்கல் விளக்கெண்ணெய் ஊற்றித்தான் ஓட்டினான். ஒழுகலுக்கும் அவனே வைத்தியம் பார்த்திருந்தான். தோணி கட்டுகிற குடும்பம் அவனுடையது. பலகை இடுக்கில் கசிந்தால் பஞ்சைத் திணித்து, காய்ச்சிய குங்கிலியத்தைப் பூசுவார்கள். கடலே உள்ளே வராது. கியர் பாக்ஸுக்கும் அதையே பூசிவிட்டு, மெக்கானிக் எதற்கு என்று பெருமை வேறு பேசினான். கடல் குளிர்ந்தது, கியர் பாக்ஸ் கொதிப்பது. இது அந்த மகாராசனுக்குத் தோன்றவில்லை.

மூன்று மைலில் குங்கிலியம் உருகிவிட்டது. கோலத்துக்குப் புள்ளி வைத்த மாதிரி வழியெல்லாம் எண்ணெய். லாரியில் வருகிறவர்கள் யாரிடமும் வழி கேட்கவே வேண்டாம்.

இரண்டு இடத்தில் நிறுத்தி விளக்கெண்ணெய் ஊற்றினார்கள். இரண்டு தடவையும் ஏட்டு தூரத்தில் தெரிந்தார். நெருங்கவும் இல்லை, விடவும் இல்லை. அவருக்குப் பின்னால் புழுதி எழும்பிக்கொண்டே வந்தது.

"லாரிதான் வருது," என்றாள் பிலோமினா. செபமாலையில் எண்ணிக்கை தப்பி, முதலிலிருந்து தொடங்கினாள்.

ஆத்தூர் தாண்டிப் புன்னைக்காயல் மண்பாதையில் திரும்பினதும் கியர் பாக்ஸ் ஊளையிட்டது. நூறு கஜம் போய் வேன் நின்றேவிட்டது. எண்ணெய்ப் போத்தல் காலி.

கூடைக்கு அடியிலிருந்து வாத்தியாரின் குரல் வந்தது.

"பாஸ்கல், என்னய இங்கனயே இறக்கி விட்டுருங்க. நீங்க பிள்ள குட்டிக்காரங்க."

ஒரு நிமிஷம் பாஸ்கலுக்கு அந்த யோசனை இனித்தது. மறு நிமிஷம் தன்னை நினைத்து வெட்கமாக இருந்தது.

"பேசாம கிடங்க, வாத்தியாரே," என்று மட்டும் சொன்னான்.

அதற்குள் ஏட்டு வந்துவிட்டார். சட்டை முழுக்க வேர்வை. சைக்கிளை வேனில் சாய்த்துவிட்டு, காக்கிப் பைக்குள் கையை விட்டார். விலங்குதான் என்று நினைத்து பாஸ்கல் இரண்டு கையையும் நீட்டிவிட்டான். பிலோமினா கண்ணை மூடிக்கொண்டாள்.

நீட்டின கையில் ஏட்டு ஒரு போத்தல் விளக்கெண்ணெயை வைத்தார்.

"ஆத்தூர்ல வாங்குனேன். ஊத்துல."

பாஸ்கலுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "லாரி, ஏட்டையா..." என்று இழுத்தான்.

"ஆத்தூர் முக்குல என்கிட்டதான் கேட்டாங்க. இந்தப் பாதைய விட்டு முக்காணிப் பக்கம் கைய காட்டிட்டேன்."

அப்போதுதான் அவன் சைக்கிளுக்குப் பின்னால் பார்த்தான். கேரியரில் கயிற்றால் கட்டிய பனை மட்டை ஒன்று ஓலையோடு தரையில் கிடந்தது. ஓலையெல்லாம் எண்ணெயும் மண்ணும் அப்பியிருந்தது. வந்த பாதையில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. டயர் தடம்கூட இல்லை.

"ஆறுமுகநேரியில இருந்து அழிச்சிட்டே வாரேன்," என்றார் ஏட்டு. "சீக்கிரம் வண்டிய எடுல. மட்டை தேஞ்சிட்டு வருது."