இருபதாவது ஆள்

"இருபதாவது ஆள் தேறல மேடம். வாயைத் திறந்ததுமே குப்புன்னு வாடை!" என்றபடி உள்ளே வந்தான் உதவியாளன்.

குடியை விட்டவர்களின் மூளை எந்த அளவுக்குத் தேறுகிறது என்பதுதான் ஆய்வு. விட்டு ஐந்து வருடமாவது ஆன இருபது பேருக்கு ஸ்கேன் எடுக்க வேண்டும். நாளையோடு கெடு முடிகிறது.

"பேசாம அவரையே சேர்த்துக்கலாமா? யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே! ஆறு வருஷமா உயிரைக் கொடுத்து எழுதுற கட்டுரைப்பா. அதுல ஒரு பொய்கூட வேண்டாம்" என்ற மேடம் இருமினார்.

அவன் இருமல் மருந்தை நீட்டினான். மேடம் லேபிளைப் படித்துவிட்டு, "இதுல ஆல்கஹால் இருக்கு" என்று தள்ளி வைத்தார்.

அவனுக்கு எரிச்சல். "மருந்தைக்கூடத் தொடமாட்டீங்க. குடிச்சவங்க பாடு உங்களுக்கு எங்க மேடம் புரியும்? பத்தொன்பது பேர் கிடைச்சதே பெரிசு."

"காலைல ஒன்பது மணிக்கு ஆள் வரும். ஸ்கேன் ரூமைத் தயாரா வை."

மறுநாள் ஒன்பது மணிக்கு மேடம் மட்டும் வந்தார்.

"ஆள் எங்க மேடம்?"

அவர் கைக்கடிகாரத்தையும் கம்மலையும் கழற்றி அவனிடம் கொடுத்துவிட்டு, ஸ்கேன் மேசையில் ஏறிப் படுத்தார்.

"பதினோரு வருஷம் குடிச்சேன். விட்டு ஒன்பது வருஷமாச்சு. எழுதிக்கோ."

படிவத்தில் எழுதப்போன அவன் நிமிர்ந்தான்.

"மேடம்... ஸ்கேனுக்குப் படுத்தவங்க பேரு கட்டுரையில வரக்கூடாதே?"

"கட்டுரையை எழுதினவங்க வரிசையில இருந்து என் பேரை நேத்தே எடுத்துட்டேன். ம், மெஷினைப் போடு!"