சத்திரக்காரியின் கரண்டி

மால்மோ நகரில் ஒரு வீடியோ கேம் அலுவலகம். விளையாட்டில் பிழை கண்டுபிடிக்கப் புதிதாகச் சேர்ந்திருந்த தூவா, கதை எழுதும் ஹென்னிங்கின் மேசைக்கு வந்தாள்.

"கதாசிரியரே, விளையாட்டுல வர்ற உன் சத்திரக்காரிக்கு மறதியா? தொலைஞ்ச கரண்டியைத் தேடிக் கொடுத்தாலும், மறுபடி 'கரண்டி எங்கே, சோம்பேறி?'ன்னு திட்டுறா."

"திட்டட்டும்."

"விளையாடுறவன் நம்மளைத் திட்டுவான். கரண்டி கிடைச்சதும் அவ வாயை மூடணும். இன்னைக்கே மாத்தச் சொல்றேன்."

"வேண்டாம். அவளுக்கு வேற வசனமே இல்லை."

"குரல் கொடுத்தவங்களைக் கூப்பிடு. ஒரு நன்றி சொல்லிட்டுப் போகட்டும்."

"வர மாட்டா."

"ஓகோ, சண்டையா?"

"தினமும் போட்டோம். பாத்திரம் யார் கழுவுறதுன்னு." ஹென்னிங் திரையைப் பார்த்தபடியே சொன்னான். "மார்ச்ல இறந்துட்டா."

தூவா தன் இடத்துக்குப் போனாள்.

மாலையில் ஹென்னிங் விளையாட்டைத் திறந்தான். சத்திரத்துக் கூரையில் புதிதாக ஒரு காகம் உட்கார்ந்திருந்தது. விளையாட்டில் சத்திரத்தின் பழங்கதையைச் சொல்லும் குறிப்பில் தூவா ஒரு வரி சேர்த்திருந்தாள்: 'இந்த ஊர்க் காகம் கரண்டி திருடும். எத்தனை முறை மீட்டாலும் மறுபடி திருடும்.'

அவன் கரண்டியைத் தேடிச் சத்திரக்காரியிடம் கொடுத்தான். காகம் கொத்திக்கொண்டு பறந்தது.

"கரண்டி எங்கே, சோம்பேறி?"

"தேடுறேன்டி," என்றான் ஹென்னிங்.