எட்டாவது எபிசோட்

"சிவில் வார்ல யார்டா ஜெயிச்சா? வடக்கா, தெற்கா?"

"இன்னும் தெரியல" என்றான் நவநீத்.

சாய்ராம் தலையில் கை வைத்துக்கொண்டான். காலை ஏழரை. பத்து மணிக்கு சான் ஹோசேயில் சிட்டிசன்ஷிப் இன்டர்வியூ. நண்பனைக் கூட்டிப்போக வந்தவன், வாசலில் இன்னும் ஷூவைக்கூடக் கழற்றவில்லை.

நவநீத் அன்றும் ஆறரைக்கு எழுந்திருந்தான். பல் தேய்த்தான். பால் காய்ச்சினான். டிக்காஷன் இறங்குவதற்குள் டிவியில் அந்த டாக்குமென்டரியைப் போட்டான். அமெரிக்க வரலாறு, மொத்தம் பதினாறு எபிசோட். அவன் போட்டது ஏழாவது. நேற்றும் ஏழாவதுதான். முந்தாநாளும்.

திரையில் 1861. விடியற்காலை. துறைமுகக் கோட்டை மேல் முதல் குண்டு விழுந்தது. திரை இருண்டது. 'அடுத்த எபிசோட் பத்து விநாடியில்' என்று எழுத்து வந்து, ஒன்பது, எட்டு என்று எண்ணிக்கை இறங்கியது. மூன்று வந்தபோது நவநீத் ரிமோட்டை அமுக்கினான். தினமும் மூன்றில்தான் அமுக்குவான்.

"போன தடவை பத்துல நாலுதான் சொன்ன. இந்தத் தடவையும் ஆறு வரலைன்னா அவ்ளோதான், முதல்லேர்ந்து அப்ளை பண்ணணும். காமாக்ஷி ஆன்ட்டி தெரியும்ல? 'ஹவ் ஆர் யூ'ன்னா 'சாப்டாச்சு'ம்பாங்க. அவங்களே பாஸ்!" என்றான் சாய்ராம்.

"ஈரி கால்வாய்ல படகை ஏத்தி இறக்குற லாக் எத்தனைன்னு கேளு. எண்பத்து மூணு."

"அதை எவன்டா கேப்பான்? லிங்கன் செஞ்ச முக்கியமான வேலை ஒண்ணு சொல்லுன்னு கேட்டாங்க. நீ என்ன சொன்ன?"

"தாடி வச்சாருன்னு."

"டேய்!"

"ஏழாவது எபிசோட் வரைக்கும் அவர் அதைத்தான்டா செஞ்சிருக்காரு."

"எட்டாவதைப் பாரு! இல்ல புக்கையாவது படி! நடந்து நூத்தி அறுபது வருஷமாச்சு, கதை தெரிஞ்சா என்ன?"

"ஹம்சா திட்டுவா."

ஹம்சா அவன் மனைவி. ஞாயிறுதோறும் ஒரு எபிசோட், ஒரு தட்டு பஜ்ஜி என்று இருவரும் சேர்ந்து ஆரம்பித்தது அது. சாய்ராம் கார் சாவியை எடுத்தான்.

880 ஃப்ரீவேயில் வண்டிகள் ஊர்ந்தன.

"எட்டாவதைப் பத்தி ஹம்சா கரெக்டா என்ன சொன்னா? வார்த்தைக்கு வார்த்தை சொல்லு" என்றான் சாய்ராம்.

நவநீத் சொன்னான். சாய்ராம் இரண்டு எக்ஸிட் தாண்டும்வரை ரோட்டையே பார்த்தான். பிறகு ஸ்டியரிங்கை ஓங்கித் தட்டினான். ஹாரன் அலறியது. முன்னால் போனவன் கையை வெளியே நீட்டி ஏதோ சைகை காட்டினான்.

"பாக்கக் கூடாதுன்னுதானே சொன்னா? கேக்கக் கூடாதுன்னு சொல்லலையே?"

நவநீத் யோசித்தான். "சொல்லல."

"அப்போ நீ இன்டர்வெல்ல நிக்கிற. செகண்ட் ஹாஃப் நான் சொல்றேன், கேளு. வடக்கு ஜெயிச்சுது."

"அப்பாடா."

"லிங்கன் அடிமைகளை விடுதலை பண்ணாரு."

"நல்ல மனுஷன். அப்புறம்?"

"தியேட்டர்ல சுட்டுட்டாங்க."

"யாரை?"

"அவரைத்தான்டா!"

நவநீத் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "இப்பதான் தாடி வச்சாரு" என்றான்.

ட்ராஃபிக் உதவி செய்தது. மில்பிடாஸ் வருவதற்குள் முதல் உலகப் போர் முடிந்தது. அங்கே ஒரு லாரி படுத்துக் கிடந்ததால் இரண்டாவதும் முடிந்தது. பார்க்கிங்கில் இடம் தேடிச் சுற்றிய நேரத்தில் சாய்ராம் நிலாவில் ஆளை இறக்கினான்.

"போய்ட்டு வா. தாடின்னு மட்டும் சொல்லிடாத."

ஆபீசர் நடுத்தர வயதுப் பெண்மணி. போன முறை இருந்தவர் இல்லை. முதல் ஆறு கேள்விகளில் நான்கு 1861-க்குப் பிந்தியவை. நவநீத் ஆறுக்கும் சரியாகச் சொன்னான். அத்தோடு நிறுத்திக்கொண்டு அவர் பழைய பேப்பரைப் பார்த்தார்.

"போன முறை நாலு. இந்த முறை ஆறுக்கு ஆறு. நடுவில் என்ன நடந்தது?"

அவன் டாக்குமென்டரியைச் சொன்னான். ஏழாவது எபிசோடைச் சொன்னான். மனைவி போட்ட தடையைச் சொன்னான். காரில் கேட்ட செகண்ட் ஹாஃபையும் சொன்னான். அவர் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"என் கணவருக்கு நீங்கள் பாடம் எடுக்க வேண்டும். நான் தூங்கியதும் மீதியைத் தனியாகப் பார்த்துவிடுகிற ஆள். சரி, பாஸாகிவிட்டீர்கள். இன்றைக்கு மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்து எட்டாவதைப் போட்டுவிடுங்கள்."

ஆபீசர் கையெழுத்துப் போடப் பக்கத்தைப் புரட்டினார். திருமண நிலை என்ற கட்டத்தின்படி, மனைவி இறந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது. பேனா அங்கேயே நின்றது.

அன்று தலைவலி என்றுதான் ஹம்சாவும் அவனும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஸ்கேன் அறைக்குள் தள்ளிக்கொண்டு போகும்போது, கதவு மூடுவதற்கு முன், ஹம்சா தலையைத் தூக்கிப் பார்த்துக் கடைசியாகச் சொன்னது இதுதான்:

"பத்து நிமிஷத்துல வந்துடுவேன்டா. அதுக்குள்ள போன்ல எட்டாவது எபிசோட பாத்த, கொன்னுடுவேன்."