மாமரத்தடி ஏலம்

ஆராதனை முடிந்ததும் வழக்கம்போல மாமரத்தடியில் காணிக்கை ஏலம் தொடங்கியது. கோழியும் மரவள்ளியும் விலைபோன பிறகு, உபதேசியார் கிடேகா கூடையின் அடியிலிருந்து நீலப் பறவைகள் போட்ட, பெண்கள் இடுப்பில் சுற்றும் துணி ஒன்றை எடுத்து உதறினார்.

ஓஜாரா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே வந்தான். "ஒரு ஆடு தர்றேன்!" என்று கத்தினான்.

கூட்டம் சிரித்தது. "பொண்டாட்டி செத்து ஒரு மழைக்காலம்கூட முடியல. அதுக்குள்ள புதுப்பொண்ணு பாத்தாச்சா?" என்றார் கிடேகா.

செத்தவளின் தங்கை ஓயெல்லா சிரிக்கவில்லை. "அக்கா ஒரு முட்டை காணிக்கை கொண்டாந்தா, கோயில் வாசல்லயே புடுங்கிட்டுப் போன மாமா இவரு. இன்னைக்கு ஆடு தர்றாராம், ஆடு!"

ஓஜாரா அவளைப் பார்க்கவில்லை. "இதை யார் போட்டது, உபதேசியாரே?"

"யாரு கண்டா? காலைல நான் கதவத் தெறக்கும்போதே கூடையில கெடந்துச்சு. போன வாரமும் இதே மாதிரி ஒண்ணு வந்துச்சே, அதையும் நீதானே வாங்குன?"

ஓஜாரா துணியைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தான்.

ஊர் வழக்கப்படி வீட்டு முற்றத்திலேயே இருந்த மனைவி லமுனுவின் கல்லறையில் பூசிய சிமெண்டில் ஒரு கீறல்கூட இல்லை. துணியை விரித்தான். ஓரத்தில் சிவப்பு நூலால் அவள் தைத்த ஒட்டு. சவப்பெட்டியை மூடுமுன் அவள் தலைக்கடியில் அவனே மடித்து வைத்த துணி. போன ஞாயிறு ஏலத்தில் எடுத்து, அடுப்பில் போட்டுச் சாம்பலாக்கிய துணி.

"இன்னும் எத்தனை வாரம்டி?" என்று கல்லறையைக் கேட்டான்.

பிறகு மெல்லத் திரும்பி, தொழுவத்தில் மிச்சமிருந்த ஆடுகளைப் பார்த்தான்.